கீச்சுச் சத்தம்

அன்புள்ள கண்ணனுக்கு,

நீ அனுப்பிய பதிவைக் கேட்டேன். வாசிப்பு நன்றாகத் தெளிந்திருக்கிறது. கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பிடி) மாறும் இடமெல்லாம் கீச் கீச்சென்று கேட்கிறது என்பதற்காகக் கிட்டாரையே மாற்றப் போவதாக எழுதியிருக்கிறாயே, அது வீண் செலவு. கோளாறு உன் இடது கையில்தான்.

கிட்டாரின் கனமான நான்கு கம்பிகளின் மேல் மெல்லிய வெண்கலக் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கிறது. விரல் அதன்மேல் ஓடும்போது தோல் ஒவ்வொரு சுற்றிலும் உரசித் தட்டிக்கொண்டே போகும். வேகம் கூடக் கூடக் கீச்சின் சுருதியும் ஏறும். மெல்லிய முதல் இரண்டு கம்பிகள் வெறும் எஃகு. அவற்றில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

ஆள்காட்டி விரலை எல்லாக் கம்பிகளின் மேலும் குறுக்கே படுக்கவைக்கும் எஃப் பார் கார்டிலிருந்து ஜி கார்டுக்குப் போகும்போது நீ பிடியை விடாமலேயே கையை இழுக்கிறாய். நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் சுற்றுக் கம்பிகளின் மேல்தான் இருக்கின்றன. கத்தாமல் என்ன செய்யும்? முதலில் அழுத்தத்தை மட்டும் தளர்த்து. கம்பி, கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் என்ற உலோகக் கட்டையை விட்டு எழும்பி, விரலடியிலேயே அடங்கிவிடும். அதன் பிறகு விரல்களை நேராக மேலே எடு, அப்புறம் நகர். வெடுக்கென்று எடுத்தால் விரல் படாத திறந்த கம்பி முனகும், ஜாக்கிரதை. முதலில் தாளத்தை மிகவும் மெதுவாக வைத்துக்கொண்டு பழகு.

டி கார்டின் பிடியை அப்படியே இரண்டு ஃப்ரெட் மேலே கொண்டுபோகும் இடத்தில் வேறு வழி உண்டு. மோதிரவிரல் இரண்டாம் கம்பியில் இருக்கிறது. அது வழுக்கிக்கொண்டு வழிகாட்டட்டும். மூன்றாம் கம்பியில் இருக்கும் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிவிடு.

பெரியம்மா வீணைக்குப் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் நனைத்த பஞ்சு வைத்திருப்பாரே, அதைப் பார்த்து நீயும் ஆரம்பித்துவிடாதே. கிட்டாரின் சுற்றுகளுக்குள் எண்ணெய் இறங்கினால் அழுக்கைப் பிடித்துவைத்துக் கம்பியை மந்தமாக்கிவிடும். விரல் நுனித் தோல் முரடாகியிருந்தால் நெயில் ஃபைலால் லேசாகத் தேய்த்துக்கொள். அடுத்த முறை கம்பி மாற்றும்போது எலிக்ஸர் என்ற கம்பெனியுடையது போலப் பூச்சுள்ளதை வாங்கிப் பார். விலை அதிகம், சத்தம் குறையும். சுற்று தட்டையாக உள்ள கம்பி இன்னும் அமைதியானது. ஆனால் ஒலியின் பளபளப்பே போய்விடும், எனக்குப் பிடிக்காது.

மைக்கை இடது கைப் பக்கம் சாய்த்து வைத்திருந்தாய் என்று தோன்றுகிறது. கழுத்தும் உடலும் சேரும் இடத்துக்கு நேராக வைத்து, உடல் பக்கம் சற்றுத் திருப்பு. ஒலித்துளைக்கு நேரே வைத்தால் குமுறும்.

எல்லாக் கீச்சையும் துடைத்தெடுக்க வேண்டாம். ஸ்பெயின் நாட்டுக் கிட்டார் மேதை செகோவியாவின் பழைய பதிவுகளிலும் அது கேட்கும். கடைசிச் சரணத்துக்கு முன்னால் மெதுவாக இறங்குகிறாயே, அந்த ஒரு இழுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடு. எஃப், ஜி மாற்றத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு.

அன்புடன்,
அம்மா