அக்கா, சாட்சிக் கையெழுத்து உன்னுடையது

நிஷிகசாய், டோக்கியோ
23 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ, அத்தான், பாப்பா, அம்மா எல்லோரும் சுகம்தானே? போனில் பேசும்போது அம்மா பக்கத்தில் இருந்தால் நீ பாதிக் கேள்வியை விழுங்கிவிடுகிறாய், நானும் பாதிப் பதிலை விழுங்கிவிடுகிறேன். "எல்லாத்தையும் ஒரு கடுதாசியா எழுதிப் போடு, நான் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுதேன்" என்று நீ சொன்னது எனக்கும் சரியென்று பட்டது. அதனால் இது உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து. இந்த இடம் வேண்டாம், அந்த இடம் வேண்டாம் என்று தாண்டித் தாண்டி வாசிக்காதே. முழுக்க வாசி.

அம்மாவின் முதல் கேள்வி சாப்பாடாகத்தான் இருக்கும். நன்றாகச் சாப்பிடுகிறோம். நிஷிகசாயில் நம் ஊர்க்காரர்கள் நிறைய. 2000-ஐ ஒட்டி கம்ப்யூட்டர் வேலைக்காக வந்து தங்கியவர்களால் வளர்ந்த குடியிருப்பு இது. டோசாய் ரயிலில் ஏறினால் நகரத்தின் நடுவில் இருக்கும் அலுவலகங்களுக்கு நேரே போய்விடலாம், அதனால் இங்கேயே நிலைத்துவிட்டார்கள். துவரம்பருப்பு, பெருங்காயம், பொன்னி அரிசி எல்லாம் நடந்துபோய் வாங்கும் தூரத்தில் கிடைக்கின்றன. கறிவேப்பிலைதான் விலை. ஒரு கொத்து வாங்கினால் என் துணைவி, பாப்பாவின் ஜப்பான் சித்தி, அதை இலை இலையாக எண்ணித்தான் தாளிக்கத் தருவாள்.

இந்தக் குளிரில் மாவு புளிக்காது என்று கவலைப்பட்டாயே, அதற்கும் அவள்தான் வழி கண்டுபிடித்தாள். கொதாட்சு என்று இங்கே ஒரு குட்டை மேஜை உண்டு. அடியில் சின்ன ஹீட்டர், மேலே மெத்தைப் போர்வை. காலை உள்ளே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மனம் வராது. ராத்திரி ஹீட்டரை அணைத்த பிறகு மாவுச் சட்டியைத் துண்டில் சுற்றி அந்தக் கதகதப்பில் தள்ளிவிடுவோம். காலையில் எனக்கு முன்னால் எழுந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு "பொங்கிருக்கு" என்று தமிழில் கத்துவாள். அந்தக் குரலில்தான் எனக்கு விடிகிறது.

அவளுடைய ஊறுகாயையும் சொல்ல வேண்டும். ஜூனில் உமே என்ற பச்சைக் காய் கடைக்கு வரும். ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து, பல்குத்தும் குச்சியால் காம்பு முனையை எடுத்து, உப்பில் அடுக்கி, மேலே கனம் வைப்பாள். தண்ணீர் விட்டதும் சிவப்பு ஷிசோ இலையைக் கசக்கிப் போட்டால் ஜாடி முழுக்கச் செம்பருத்தி நிறமாகிவிடும். மழைக்காலம் முடிந்து ஜூலைக் கடைசியில் வெயில் வந்ததும் மூன்று நாள் பால்கனியில் காய வைப்பாள். மூங்கில் தட்டில் பரப்பி, நிழல் நகர நகரத் தட்டையும் நகர்த்தி வைத்து, ஒவ்வொரு காயாகத் திருப்பிப் போடுவதைப் பார்த்தால், மொட்டைமாடியில் சுளகோடு உட்கார்ந்திருக்கும் நம் அம்மாவேதான். தயிர்ச் சோற்றுக்கு அப்படிப் பொருந்துகிறது. வரும்போது ஒரு பாட்டில் கொண்டு வருகிறேன்.

நேற்று வருஷத்திலேயே நீளமான இரவு. யுசு என்ற எலுமிச்சை இனப் பழத்தை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக் குளிப்பதும், பூசணிக்காய் சாப்பிடுவதும் இங்கே வழக்கம். நமக்கு மார்கழி. நான் பால்கனியில் சின்னதாகப் புள்ளிக்கோலம் போட்டேன், அவள் பூசணி வாங்கி வந்தாள், புளிக்குழம்பு வைத்தேன். வீடு பூராவும் யுசு வாசனையும் குழம்பு வாசனையுமாக இருந்தது. நாளைக்கு டிசம்பர் 24. இந்த நாட்டில் அது ஜோடிகளின் மாலை. ஸ்ட்ராபெரி கேக் சொல்லி வைத்திருக்கிறோம். அப்புறம் வருஷக் கடைசிச் சுத்தம், நம் போகிக்குச் செய்கிறோமே அதேதான். ஜன்னல் துடைப்பது என் பங்கு, அடுப்படி அவள் பங்கு.

இவ்வளவும் சொல்வது ஏன் தெரியுமா? அம்மா உன்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதாகச் சொன்னாய், "ஒத்தையா கிடக்காளே, நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பாத்துக்குவா?" என்று. அம்மா, நான் ஒற்றையாக இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஆள் இருக்கிறது. அவளுக்கு அலுவலகத்தில் மனம் நொந்தால் அழ என் தோள் இருக்கிறது. நீங்கள் பார்த்து முடித்திருந்தாலும் இதைத்தானே எனக்காக வேண்டியிருப்பீர்கள்.

இல்லாதது சட்டத்தின் முத்திரை ஒன்றுதான். அது இல்லாததால் வரும் கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீடு தேடியபோது ஒரு தரகர், இரண்டு பெண்கள், அதில் ஒருத்தி வெளிநாட்டுக்காரி என்றதும் ஃபைலை மூடிவிட்டார். கடைசியில் யூ.ஆர். என்ற அரசு சார்ந்த அடுக்ககத்தில் கிடைத்தது. ஜாமீன் ஆள் கேட்பதில்லை, சாவிப் பணம் என்று வீட்டுக்காரருக்குத் தட்சிணை வைக்க வேண்டியதில்லை. என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய விஷயம்.

அதைவிட வலித்தது அவளுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்த ராத்திரி. ஆஸ்பத்திரியில் "நீங்கள் குடும்பமா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். குடும்பப் பதிவேட்டில் இல்லையே என்றார்கள். நாகானோவில் இருக்கும் அவள் அம்மாவை எழுப்பிப் போனில் சம்மதம் வாங்கினார்கள். நான் வராந்தாவில் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்த ஒரே ஆள் நான். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்களைப் போன்ற ஜோடிகளுக்கு டோக்கியோ பெருநகர அரசு தரும் துணைமைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். 2015 நவம்பரில் ஷிபுயா, செடகாயா என்ற இரண்டு வார்டுகளில் தொடங்கியது இது. டோக்கியோ முழுக்க 2022 நவம்பர் 1 முதல் கொடுக்கிறார்கள். இப்போது நாட்டு மக்கள்தொகையில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் வாழும் ஊர்களில் இப்படி ஏதாவது ஒரு சான்றிதழ் உண்டு. வெளிநாட்டினருக்கும் தருகிறார்கள், ஆன்லைனிலேயே முடிந்துவிடும். அது வந்த அன்று கேசரி கிண்டினேன். பெருநகர அரசின் ஆஸ்பத்திரிகளிலும், அரசு வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் அதைக் காட்டலாம். ஆனால் அது கல்யாணம் இல்லை, அக்கா. எனக்கு மனைவி என்ற முறையில் விசா கிடைக்காது, வேலை போனால் நான் இங்கே இருப்பதே ஆட்டம் காணும். உயில் எழுதாவிட்டால் ஒருவர் சொத்து இன்னொருவருக்குப் போகாது. இதுவே நான் ஒரு ஜப்பானிய ஆணைக் கட்டியிருந்தால் இந்தக் கவலையெல்லாம் இருந்திருக்காது.

சட்டம் மாறுமா என்று அத்தான் கேட்டாராமே. மாறும் என்றுதான் நம்புகிறேன், வெறும் ஆசையில் சொல்லவில்லை. 2019 காதலர் தினத்தன்று நாட்டின் பல ஊர்களில் ஒரே நாளில் எங்களைப் போன்ற ஒரே பாலினத் தம்பதிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2021 மார்ச்சில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம், இவர்களுக்குக் கல்யாணத்தை மறுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. அந்த மாதிரித் தீர்ப்பு இந்த நாட்டில் அதுதான் முதல். அப்புறம் 2024 மார்ச் தொடங்கி 2025 மார்ச்சுக்குள் சப்போரோ, டோக்கியோ, ஃபுகுவோகா, நகோயா, ஒசாகா என்று ஐந்து உயர் நீதிமன்றங்களும் அதையே சொல்லின. போன மாதம் 28-ஆம் தேதிதான் டோக்கியோ உயர் நீதிமன்றம் இன்னொரு வழக்கில் இதற்கு நேர்மாறாகத் தீர்ப்புச் சொன்னது. அன்று சாயங்காலம் அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன், இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. இனி உச்ச நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். வழக்குப் போட்டவர்களில் ஒருவர் தீர்ப்பைப் பார்க்காமலே 2021-இல் இறந்துபோனார். அவரை நினைத்தால் பொறுமையாக இருங்கள் என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

எல்லோரும் சுற்றிச் சுற்றி வருவது இங்குள்ள அரசியல் சட்டத்தின் 24-ஆம் பிரிவைத்தான். 1946-இல் பெண்களின் உரிமை பற்றிய வரைவை எழுதியவர் பெயாட்டே சிரோட்டா என்ற 22 வயதுப் பெண். அதுவரை குடும்பத் தலைவர் சம்மதம் இல்லாமல் இங்கே கல்யாணம் கிடையாது. மணப்பவர்கள் இருவரின் சம்மதம் மட்டும் போதும், மற்றவர் யாரும் குறுக்கே வரக்கூடாது என்பதற்காக வந்த பிரிவு அது. ஆணும் பெண்ணும் என்ற பொருளில் அது எழுதியிருப்பதைக் காட்டித்தான் எங்களை வெளியே நிறுத்துகிறார்கள். சப்போரோ உயர் நீதிமன்றமோ, தனிமனிதர் இருவரின் சம்மதத்தைக் காப்பதுதான் அதன் நோக்கம், ஆகவே எங்களுக்கும் பொருந்தும் என்றது. எனக்கு இந்த வாதம் முழுக்க நியாயமாகப் படுகிறது. பெற்றவர்களின் கட்டாயத்திலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த ஒரு வரி, எங்களைத் தடுக்கும் கதவாக எப்படி ஆகலாம்?

தாய்லாந்தில் போய்ப் பதிவு செய்துகொள்ளலாமே என்று இங்குள்ள தோழிகள் சொல்கிறார்கள். அங்கே இந்த ஜனவரி 23 முதல் சட்டம் வந்துவிட்டது. தைவானில் 2019 மே மாதமே வந்துவிட்டது. ஆனால் அந்தத் தாளை ஜப்பானும் ஏற்காது, இந்தியாவும் ஏற்காது. நாங்கள் வாழும் ஊரில், வரி கட்டும் ஊரில் செல்லாத ஒரு கல்யாணத்தை வைத்து என்ன செய்வது? இங்கேயே நடக்கட்டும்.

நம் நாட்டிலும் 2018 செப்டம்பர் 6 அன்று, எங்கள் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவிலிருந்து எங்களை விடுவித்தார்கள், நீ போன் செய்து அழுதாய். 2023 அக்டோபர் 17 அன்று கல்யாண உரிமையை ஐந்து நீதிபதிகள் மறுத்தபோதும் நீதான் முதலில் கூப்பிட்டாய். இந்த மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைத்துக்கொள்ளக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தாங்களே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சொன்னதை நான் அவளுக்கு ஜப்பானிய மொழியில் படித்துச் சொன்னேன். நம் ஊர் நீதிபதிகள் எழுதியது என்று சொல்லும்போது எனக்கு அவ்வளவு பெருமை. அந்தத் தீர்ப்பை அம்மாவுக்கும் சொல்.

அவள் வீட்டுச் சங்கதி ஒன்று. அவள் அப்பா இத்தனை காலம் என்னை "மகளோடு தங்கியிருக்கும் சிநேகிதி" என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை, சொல்லக் கூச்சம். வருஷா வருஷம் நாகானோவிலிருந்து ஆப்பிள் பெட்டி வரும், மேலே அவள் பெயர் மட்டும் இருக்கும். இந்த நவம்பரில் வந்த பெட்டியில் எங்கள் இரண்டு பேர் பெயரையும் அவரே கைப்பட எழுதியிருந்தார். என் பெயரைக் கதகானாவில் எழுத இடம் போதாமல் கடைசி எழுத்து ஓரத்தில் இடித்துக்கொண்டு நின்றது. அந்தச் சீட்டைக் கிழிக்காமல் பிரித்து எடுத்துவிட்டோம், ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. புது வருஷத்துக்கு அங்கே வரச் சொல்லியிருக்கிறார்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். இங்கே கல்யாணம் என்றால் மேளமோ ஐயரோ வேண்டியதில்லை. வார்டு அலுவலகத்தில் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்து, அவர்கள் ஏற்றுக்கொண்டால் முடிந்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போனாலும் வாங்கிக்கொள்ள ஜன்னல் திறந்திருக்கும். பொதுவாகத் தம்பதியில் ஒருவர் குடும்பப் பெயரை மாற்றியாக வேண்டும், வெளிநாட்டவரை மணந்தால் அது கட்டாயமில்லை. அதனால் அப்பா பெயர் என் பெயருக்கு முன்னால் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கும், அம்மா அதை நினைத்து வருத்தப்பட வேண்டாம். அந்தப் படிவம் ஒன்றை அவள் வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கிறாள். கணவன், மனைவி என்று இரண்டு கட்டங்கள், சட்டம் மாறும்போது அந்த அச்சும் மாறும். மாறாத இடம் ஒன்று உண்டு. வலப்பக்கம் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். எந்த நாட்டவராகவும் இருக்கலாம், 18 வயது நிறைந்திருந்தால் போதும். ஒரு கையெழுத்துக்கு அவள் தன் அப்பாவிடம் இந்தப் புது வருஷத்தில் கேட்கப்போகிறாள்.

இன்னொன்று நீ போட வேண்டும், அக்கா. தமிழிலேயே போடு. எப்போது என்று என்னால் தேதி சொல்ல முடியாது. ஆனால் உன் பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடக்கிறது என்று அத்தான் சொன்னார். அதை இந்தப் பொங்கல் கழிந்ததும் புதுப்பித்துவிடு, பாப்பாவுக்கும் சேர்த்து எடு. அம்மாவுக்கு விண்ணப்பம் போடலாமா என்று நீயே பக்குவமாகக் கேட்டுப் பார். வேண்டாம் என்று சொன்னால் வற்புறுத்தாதே. சரி என்றால் அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு, எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் தங்கை