அண்ணனின் கல்லீரல் திசுவும் ஓர் ஆங்கிலப் படிவமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவை சிகிச்சையில் அகற்றப்படும் திசுவைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கேட்டுப் பெறும் முறையைப் பற்றி, நோயாளியின் குடும்பத்தான் என்ற முறையில் சிலவற்றைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். காரைக்குடிக்கு அருகில் பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான்.

என் அண்ணனுக்குப் பெருங்குடல் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை நடந்து பதினான்கு மாதங்கள் கழித்து, ஸ்கேனில் கல்லீரலில் இரண்டு கட்டிகள் தெரிந்தன. ஊருக்குள் அது 'கல்லீரல் புற்றுநோய்' என்றே பரவியது. வாழ்நாளில் ஒரு துளி மதுவைத் தொடாத மனிதர் அவர்; விசாரிக்க வந்தவர்களோ, எத்தனை வருடமாகக் குடிப்பழக்கம் என்று மதினியிடம் கேட்டார்கள். மதினி பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். குடலில் தோன்றிய புற்றுச் செல், கல்லீரலில் போய்த் தங்கினாலும் குடல் செல்லாகவே இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் மருந்தும் குடல் புற்றுக்கான மருந்துதான். கல்லீரலிலேயே தோன்றும் புற்று வேறு, வேறோர் உறுப்பிலிருந்து வந்து கல்லீரலில் பரவும் புற்று வேறு என்பதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் பட்ட தலைகுனிவு பாதியாகக் குறைந்திருக்கும்.

இதை உறுதிசெய்ய, மதுரையில் பார்த்த மருத்துவர் பழைய அறுவையின் 'பிளாக்'கை, அதாவது அகற்றிய திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் துண்டை, கொண்டுவரச் சொன்னார். அப்படி ஒன்று இருப்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. முதலில் அறுவை நடந்த இடத்தில் இரண்டு நாள் தேடி, காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள்: தீப்பெட்டியை விடச் சிறிய பிளாஸ்டிக் சட்டம், அதில் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் பழுப்பு நிறத்தில் விரல் நகம் அளவு குடல், ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண். பேருந்தில் மதுரை போகும்வரை அதை வெயில் படாமல் மடியிலேயே வைத்திருந்தேன். கல்லீரல் கட்டியிலிருந்து ஊசி மூலம் எடுத்த திசுவையும் இந்தப் பழைய திசுவையும் மைக்ரோஸ்கோப்பில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே, இரண்டும் ஒரே புற்று என்று எழுதிக் கொடுத்தார்கள்.

குடலிலிருந்து கிளம்பும் செல் ஏன் கல்லீரலைத் தேடிப் போகிறது என்பதற்கு ஒரு காரணம் இரத்தத்தின் வழித்தடம். நம் பக்கத்து வீடுகளின் கூரைத் தண்ணீரும் தெருத் தண்ணீரும் வரத்துக்கால் வழியாக ஊருணிக்குச் சேர்வதுபோல, குடலின் இரத்தம் ஏறக்குறைய முழுவதும் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போய்ச் சேர்கிறது. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்தச் சிரையின் வழியாக வருவதே. ஆனால் வழித்தடம் மட்டுமே காரணமன்று. 1889-இல் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் திரட்டிப் பார்த்தபோது, கல்லீரலில் பரவியிருந்தவர்கள் மிகப் பலராகவும் மண்ணீரலில் பரவியிருந்தவர்கள் மிகச் சிலராகவும் இருப்பதைக் கண்டார். விதை எல்லாப் பக்கமும் விழுகிறது, ஏற்ற நிலத்தில்தான் முளைக்கிறது என்று அவர் கொண்ட முடிவை, வானம் பார்த்த பூமியில் பயிர் செய்யும் நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்த நிலத்தை அறிய வேண்டுமானால் மனிதக் கல்லீரல் திசு வேண்டும். கல்லீரல் செல்லைத் தனியே பிரித்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தால் சில நாட்களிலேயே தன் இயல்பான வேலைகளை இழக்கத் தொடங்குகிறது. எலியின் கல்லீரலில் கண்டதெல்லாம் மனிதனுக்குப் பொருந்திவிடுவதுமில்லை. கட்டியும் நல்ல கல்லீரலும் சந்திக்கும் ஓரத்தைத்தான் ஆராய்ச்சியாளர்கள் இன்று மிகக் கூர்ந்து பார்க்கிறார்கள். குடல் புற்று பரவிய கல்லீரல்களில் சிலருக்கு அந்த ஓரத்தில் நார்த்திசு வேலிபோல எழும்பி நிற்கிறது. அவர்கள் பொதுவாக அதிக காலம் வாழ்கிறார்கள். வேறு சிலருக்கு வேலி எதுவும் இல்லாமல், புற்றுச் செல்கள் கல்லீரல் செல்களை அகற்றி அவற்றின் இடத்தில் உட்கார்ந்து, அங்கே ஏற்கெனவே இருக்கும் இரத்தக் குழாய்களையே தமதாக்கிக் கொள்கின்றன. புதிய இரத்தக் குழாய் முளைப்பதைத் தடுக்கும் மருந்து இத்தகைய கட்டிகளிடம் சரிவர எடுபடுவதில்லை. ஒரே நோய், ஒரே மருந்து, ஒருவருக்குக் கேட்கிறது, மற்றவருக்குக் கேட்கவில்லை என்பதற்கான விடையின் ஒரு பகுதி அந்தத் திசு ஓரத்தில் இருக்கிறது. விலங்கியல் படித்த எனக்கே இது அன்றுவரை தெரியாது.

அண்ணனின் கல்லீரல் அறுவைக்கு முந்தைய இரவு ஒன்பது மணிக்கு, ஊழியர் ஒருவர் பல பக்கங்கள் கொண்ட ஆங்கிலப் படிவத்தைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார். எதற்கு என்றதற்கு "எல்லோரும் போடுவதுதான்" என்றார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். ஜன்னல் கட்டையில் வைத்துக் கையெழுத்திட்டார். மறுநாள் இளம் மருத்துவர் ஒருவரிடம் நானாகப் போய்க் கேட்ட பிறகுதான், நோயறியும் பரிசோதனைக்குப் போக மிஞ்சும் திசுவை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள அனுமதி கேட்ட படிவம் அது என்று தெரிந்தது. மேலே நான் எழுதியிருக்கும் வேலிக் கதையைத் தாளில் படம் வரைந்து பத்து நிமிடத்தில் விளக்கியவர் அவர்தான். அதைக் கேட்ட அண்ணன், "இதுக்கா? நல்லா எடுத்துக்கட்டும்" என்றார். மனமுவந்து கொடுக்கக் கூடியவரிடம் அவருக்குத் தெரியாமலே வாங்கியிருக்கிறார்கள் என்பதே என் வருத்தம். நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி, விரும்பாவிட்டால் மறுக்கலாம் என்றும் சொல்லித்தான் ஒப்புதல் பெற வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளிலேயே உள்ளது.

செட்டிநாட்டு ஊர்களிலிருந்து மக்கள் நாடிப் போகும் சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிகளும் மதுரையின் பெரிய மருத்துவமனைகளும் இதை எளிதாகச் செய்ய முடியும். ஒப்புதல் படிவம் ஒரே பக்கத்தில், நல்ல தமிழில் இருக்கட்டும். அதை அறுவைக்கு முந்தைய இரவில் நீட்டாமல், நாள் குறிக்கும்போதே ஒருவர் உட்கார்ந்து படித்துக் காட்டட்டும். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சுருக்கத்தில் திசு பிளாக்கின் எண்ணையும் அது எத்தனை ஆண்டுகள் பாதுகாக்கப்படும் என்பதையும் எழுதட்டும். எங்களைப் போல இரண்டு நாள் அலையும் நிலை இன்னொருவருக்கு வேண்டாம். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் பிறந்த ஊர் புதுக்கோட்டை. இந்த வேலை அங்கிருந்தே தொடங்குமானால் அதைவிடப் பொருத்தம் வேறில்லை.

அண்ணன் சென்ற ஐப்பசியில் காலமானார். அவருடைய கல்லீரல் திசு ஆராய்ச்சியில் பயன்பட்டதா, எதற்குப் பயன்பட்டது என்று கேட்டு அந்த மருத்துவமனைக்கு இரண்டு கடிதங்கள் எழுதிவிட்டேன், பதில் வரவில்லை. திசு கொடுத்த குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை நான்கு வரி எழுதி அனுப்பும் வழக்கத்தையும் மருத்துவமனைகள் ஏற்படுத்த வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.