இட்லிக்கார அக்காவின் அசையும் சொத்து

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடி பிறந்தபிறகு பதில் எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அதாவது வீட்டில் அவள் பார்க்கும்போது இருக்கிறது. உன் மூட்டுவலிக்கு அந்த எண்ணெய் வைத்தியரை விட்டுவிட்டு ஒழுங்காக ஒரு டாக்டரைப் பார். குண்டுமணிக்கு மூன்றாவது பேத்தி. பெயர் வைக்க என்னிடம் யோசனை கேட்டான். நான் என்ன பெயர் சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும், எழுதவேண்டாம்.

எழுத உட்கார்ந்ததற்கு நம் இட்லிக்கார அக்காதான் காரணம். பள்ளிக்கூட வாசல் அக்கா. உன் பேரில் இன்னும் பாக்கி இருக்கிறதாம், அவரே சொன்னார். அதுவும் வாய்தா கேட்காமல் தீர்க்கவேண்டிய வழக்குதான்.

ரிட்டயர் ஆனபிறகு நான் சட்டத் தன்னார்வலராகச் சேர்ந்ததை 'சம்பளமில்லாத ரெவின்யூ இன்ஸ்பெக்டர்' என்று நீ கிண்டல் செய்தாயே, அந்த வேலையில் வந்தது இது. கோர்ட் வளாகத்தில், இலவச சட்ட உதவி தருகிற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அறையில் நாற்காலி போட்டு உட்காருவேன். வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன், எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்வேன். போகிற நாளுக்கு ஒரு படி தருகிறார்கள், டீக்கும் பஸ்ஸுக்கும் போக மிச்சமும் இருக்கும். சர்வீஸ் முழுக்க மற்றவர்கள் எழுதிய மனுவை வாங்கி அடுக்கியவன், இப்போது எழுதுகிற பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு நாள் எங்கள் செயலாளர் ஒரு தாளைக் கையில் கொடுத்தார். அவர் சார்பு நீதிபதி, வயதில் என் மகனைவிடச் சின்னவர். வேறு மாவட்டத்து ஆணைக்குழுவிலிருந்து வந்த தாள். அங்கே சிறையில் ஒரு பையன், பெயில் கிடைத்தும் வெளியே போகவில்லை, குடும்பம் உங்கள் ஊர், வீட்டு நிலைமையைப் பார்த்து அறிக்கை அனுப்புங்கள் என்று இருந்தது. தெருப்பெயரைப் பிடித்துக்கொண்டு போனால், கதவைத் திறந்தது அக்கா. என்னைப் பார்த்ததும், "பட்டாவா வந்திருக்கு?" என்றார். நான் இன்னும் தாலுகா ஆபீசில்தான் இருக்கிறேன் என்று அவர் நினைப்பு.

பையன் மகள் வயிற்றுப் பேரன். பனியன் கம்பெனியில் வேலை. கூடத் தங்கியிருந்தவர்களின் செல்போன்கள் காணாமல்போனதில் இவனையும் இன்னொருவனையும் பிடித்திருக்கிறார்கள். எடுத்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அது விசாரணையில் தெரியட்டும். அங்கேயே சட்ட உதவி வக்கீல், ஒரு பெண், மனுப் போட்டு பெயில் வாங்கிவிட்டார். உத்தரவு என்னவென்றால், தலா 10,000 ரூபாய்க்கு இருநபர் ஜாமீன், அதாவது சொத்தைக் காட்டி இவனுக்குப் பொறுப்பேற்க இரண்டு பேர், அதுவும் உள்ளூர்க்காரர். பிழைக்கப் போன ஊரில் இவனுக்கு எந்த வீட்டுக்காரன் வரி ரசீதைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு வருவான்? ஜாமீன் நிற்க ஆள் பிடித்துத் தருகிறேன் என்று ஒருவன் போனில் பேசி அக்காவின் தோட்டைக் கழற்ற வைத்திருக்கிறான். பணம் போனதும் போனும் அணைந்துவிட்டது.

இப்படி பெயில் கிடைத்தும் உள்ளே கிடப்பவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள் என்றுதான் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் ஓர் ஏற்பாடு செய்தது. பெயில் உத்தரவு போட்டு 7 நாளில் ஆள் வெளியே போகாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுவுக்குச் சொல்லவேண்டும். ஆணைக்குழு ஒரு வக்கீலையோ தன்னார்வலரையோ அனுப்பி ஏன் என்று பார்க்கவேண்டும். குடும்பத்தின் நிலைமையை எழுதி கோர்ட்டில் வைத்து, நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கலாம். உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும் என்று வற்புறுத்துவதே விடுதலையைத் தாமதமாக்குகிறது, அப்படி நிபந்தனை போடவேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் யாராவது ஒருவன் பஸ் ஏறி அந்த வீட்டுக்குப் போனால்தான் அந்த உத்தரவுக்கு உயிர். அன்றைக்கு அந்த ஒருவன் நான்.

அறிக்கை எழுதினேன், கேள். அசையாச் சொத்து: இல்லை. வீடு வாய்க்கால் புறம்போக்கு. பட்டா கேட்டு அக்கா போட்ட மனுக்களில் ஒன்றுக்கு நானே 'நீர்நிலைப் புறம்போக்கு, பரிந்துரை இல்லை' என்று எழுதியிருக்கிறேன். விதி அது, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எழுதுவேன். ஆனால் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 'இல்லை' என்று எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. அப்புறம் அசையும் சொத்து: வெட் கிரைண்டர் ஒன்று, இட்லிக் கொப்பரை இரண்டு, அரசு கொடுத்த டிவி ஒன்று (ஓடாது), ஆடு இரண்டு. 'ஆடு இரண்டு' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதியதும் அக்கா கையைப் பிடித்துவிட்டார். "ஒண்ணு கருப்பனுக்கு நேர்ந்துவிட்டது. அதை சர்க்கார் காகிதத்துல எழுதாதே." அடித்துவிட்டு ஒன்று என்று திருத்தி ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன். சாமியின் சொத்தை ஜாமீன் கணக்கில் சேர்க்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

எல்லாம் முடிந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, "எவ்வளவு தரணும்?" என்றார். ஒன்றும் தரவேண்டாம் என்றேன். அவர் முகம் அப்போதுதான் வாடியது. காசு வாங்காதவன் காரியத்தை முடிக்கமாட்டான் என்று அவருக்கு ஒரு கணக்கு. தோட்டை வாங்கிப்போனவனைக்கூட அவர் அவ்வளவு சந்தேகப்படவில்லை.

உன் கணக்கும் அதுதானே? 'ஓசி வக்கீல் ஓசிக்குத் தக்கபடிதான் வாதாடுவான்' என்று கோர்ட் பக்கமே போகாத நீ தீர்ப்பு எழுதியிருந்தாய். முதலில் அது ஓசி இல்லையடா. உன் வரியும் என் வரியும்தான். இரண்டாவது, எமர்ஜென்சியைத் திட்டாமல் உனக்கு ஒரு நாள் போகாது. அந்த எமர்ஜென்சியில் கொண்டுவந்த அரசியல் சட்டத்தின் 42வது திருத்தத்தில்தான் 39ஏ என்ற பிரிவும் வந்தது. பணமில்லை என்பதற்காக யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அரசு இலவச சட்ட உதவி தரவேண்டும் என்பது அதில் உள்ளது. உரிமைகளைப் பறித்த கையே இதையும் எழுதியது. இதற்கு என்ன சொல்வாய் என்று அடுத்த கடிதத்தில் பார்க்கிறேன். அதற்குத் தனிச் சட்டம் 1987இல் வந்தது, நடைமுறைக்கு வந்ததோ 1995 நவம்பர் 9. ஏழைக்கான சட்டத்துக்கே எட்டு வருஷ வாய்தா!

எனக்குப் பிடித்தவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த கிருஷ்ணய்யர். பாலக்காட்டுக்காரர், தலச்சேரியில் வக்கீலாக இருந்தவர், 1948இல் தானே சிறையில் இருந்தவர். பிறகு கேரளத்தில் முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் அமைச்சரவையில் சிறைத்துறையும் அவரிடம்தான் இருந்தது. உச்ச நீதிமன்றத்தில் 1978இல் அவரிடம் ஒரு கொத்தனாரின் வழக்கு வந்தது. மோதிராம் என்று பெயர். 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டிருக்கிறார் மாஜிஸ்திரேட். உடன்பிறந்தவர் ஜாமீன் நிற்க வந்தால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றிருக்கிறார். கிருஷ்ணய்யர் வெடித்துவிட்டார். ஒரு மலையாளியோ தமிழனோ பஸ்தரிலோ சாந்தினி சௌக்கிலோ பிடிபட்டால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவான் என்று தீர்ப்பிலேயே கேட்டார். அதே கேள்விக்கு இத்தனை வருஷம் கழித்து நான் ஆட்டை எண்ணிப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கோபமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது.

சரி, நீ சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆணைக்குழு பட்டியலில் வைத்து வழக்குக்கு வழக்கு அனுப்பும் வக்கீல்களுக்குக் கொடுக்கும் கட்டணம் குறைவு, அதுவும் நேரத்துக்கு வராது. அதனால் சிலர் ஜூனியரை அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். டைப்பிங், ஜெராக்ஸ் என்று சொல்லி கட்சிக்காரரிடம் கைநீட்டுகிறவரையும் பார்த்திருக்கிறேன், எழுதிக் கொடுத்துமிருக்கிறேன். இரு தரப்பும் சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்திலும் ஒரு வருத்தம் உண்டு. விபத்து வழக்குக்கு ஒரே நாளில் முடிவு, கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், மேல்முறையீடு கிடையாது. எல்லாம் நல்லதுதான். ஆனால் புருஷனைப் பறிகொடுத்து வருஷக்கணக்கில் அலைந்தவள் இன்ஷூரன்ஸ்காரர் சொல்லும் தொகைக்குத் தலையாட்டுவது சம்மதமா, அலுப்பா? பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லலாம், அங்கே யாரும் தீர்ப்பைத் திணிக்க முடியாது என்பதை அவள் காதில் போடுவதே என் பாதி வேலை.

ஆனால் 2022இலிருந்து குற்ற வழக்குகளுக்கு வேறு மாதிரி ஏற்பாடு வந்திருக்கிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் வக்கீல்களை முழுநேரமாக அமர்த்துகிறார்கள். மாதச் சம்பளம், வெளிவழக்கு எடுக்கக் கூடாது. அக்கா பேரனுக்கு வாதாடியவர் அந்த வகை. அறிக்கையில் ஒரு சந்தேகம் என்று இரவு ஒன்பது மணிக்கு அந்தப் பெண் எனக்கு போன் செய்தார். "சார், அம்மாவுக்கு ரேஷன் கார்டு தனியா, பாட்டியோட சேர்ந்ததா?" காசு வாங்கிய எந்த வக்கீல் உனக்கு ஒன்பது மணிக்கு போன் செய்தார் என்று உன் பாகப்பிரிவினை வழக்கை நினைத்துப் பார்த்துச் சொல்.

உத்தரவு மாறியது. சொந்தப் பத்திரமும் ரத்த சொந்தம் ஒருவர் ஜாமீனும் போதும், சொத்து ஆவணம் தேவையில்லை என்று. மகளை அக்கா பஸ் ஏற்றி அனுப்பினார், பையன் வந்துவிட்டான். கதை இங்கே முடியவில்லை. தினமும் காலை 10.30க்கு அந்த ஊர்க் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடவேண்டும். கம்பெனியில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. தங்க இடமில்லாமல் ஒரு சிநேகிதன் அறையில் ஒண்டியிருக்கிறான். கையெழுத்து நிபந்தனையைத் தளர்த்தவும் அந்தப் பெண் மனுப் போட்டிருக்கிறார். நடுவில் ஒரு நாள் அனுமதி வாங்கி ஊருக்கு வந்தான். நான் போய்ப் பார்த்தேன். நிமிர்ந்து பேசவில்லை. உள்ளே இவனைவிட அதிக நாளாக ஒருவர் இருக்கிறாராம், அவரைப் பார்க்க யாரும் வருவதே இல்லையாம், அவர் பெயரை எழுதி வந்திருக்கிறேன் என்று ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்தான். செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். அந்த மாவட்டத்துக்கு எழுதியிருக்கிறார். சேகர், ஜெயிலில் இருந்து வருகிற பையன் வேறு எதையெதையோ கொண்டுவருவான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டில் வேலை செய்கிற பெண்ணின் புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், ஜீவனாம்சம் கேட்க வக்கீல் 15,000 கேட்கிறார் என்று எழுதியிருந்தாயே. ஒரு பைசா கொடுக்கவேண்டாம் என்று சொல். பெண் என்றாலே போதும், வருமானம் எவ்வளவு என்றுகூடக் கேட்கமாட்டார்கள். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி, குழந்தைகள், தொழில்துறைத் தொழிலாளி, காவலில் இருப்பவர் எல்லாருக்கும் அப்படித்தான். மற்றவர்களுக்குத்தான் வருமான வரம்பு. கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். போக முடியாவிட்டால் 15100க்கு போன் செய்யச் சொல். ஆதார் நகல், கல்யாணப் பத்திரிகை இருந்தால் அது, பிள்ளைகளின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் எடுத்துப் போகட்டும். பத்திரிகை இல்லாவிட்டாலும் போகட்டும். புருஷன் எங்கே வேலை பார்க்கிறான், என்ன சம்பளம் என்று தெரிந்தவரை ஒரு தாளில் எழுதிக் கொடு. அதுதான் கடைசியில் தொகையைத் தீர்மானிக்கும். நீயும் கூடப்போனால் நல்லது. ஆனால் உள்ளே அவளைப் பேச விடு. உன் பேச்சைக் கேட்டு நடுவர் அவன் பக்கம் சாய்ந்துவிடப் போகிறார்.

போனாளா, என்ன சொன்னார்கள் என்று பதில் போடு, அடுத்த பொங்கல்வரை காத்திருக்காதே. அக்காவின் பாக்கிக்கு ஐந்நூறு ரூபாய் என் கணக்கில் கொடுத்துவிட்டேன். எனக்கு ஜிபே செய்தால் போதும்.

அன்புடன்,
ராமு