பெண்கள் பேன்ட்டுக்கும் பாக்கெட் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோபிசெட்டிபாளையத்தில் பெண்களுக்குத் துணி தைத்துக் கொடுக்கிறேன். இப்போது என்னிடம் அதிகம் வருவது, ரெடிமேடாக வாங்கிய அகலக்கால் பேன்ட்டைச் சரிசெய்து கேட்பவர்கள்தான். வங்கிக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள், ஈரோட்டு ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கிறவர்கள். சாயங்காலம் ஒரு வரவேற்பு இருந்தால் வேலையிலிருந்து நேராக மண்டபத்துக்குப் போக வேண்டும். அதற்கு இதைவிடத் தோதான உடை இல்லை. தொடையைப் பிடிக்காது, ஸ்கூட்டியில் ஏறி இறங்கச் சிரமமில்லை, நம் ஊர் வெயிலுக்கும் ஆகும்.

ஆனால் கடையில் கிடைப்பதில் பாதி, இரவில் வீட்டில் போடுவது போலத்தான் இருக்கிறது. இடுப்பைச் சுற்றிலும் இலாஸ்டிக், கீழே கால் அங்குல மடிப்பு. “இதுல போன் வெக்க எடமே இல்லீங்க்கா” என்று கொண்டு வந்து நீட்டுகிறார்கள்.

இடுப்புப் பட்டியின் முன்பக்கம் விறைப்புக்குக் கேன்வாஸ் துணி வைத்துத் தட்டையாகத் தைத்து, இலாஸ்டிக்கைப் பின்னால் மட்டும் கொடுத்தால் போதும், சட்டையை உள்ளே விட்டாலும் பாங்காக இருக்கும். கீழ்மடிப்பு இரண்டு அங்குலம் வேண்டும். அந்தக் கனத்தில்தான் துணி நேராக விழும், உயரமான பெண் பிரித்து நீட்டிக்கொள்ளவும் முடியும். துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் காலின் நடுவே நேராக ஓடும்படி வெட்ட வேண்டும். துணியை மிச்சம் பிடிக்கச் சாய்த்து வெட்டினால், துவைத்த பிறகு கால் முறுக்கிக்கொள்ளும். எந்தத் தையல்காரராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

பாக்கெட் வைத்தால் இடுப்பு புடைத்துத் தெரியும் என்று ஒரு வியாபாரி என்னிடம் சொன்னார். லெகிங்ஸுக்கு அது சரி. இவ்வளவு அகலமான காலில் எங்கே தெரியப்போகிறது? பக்கவாட்டுத் தையலில் பாக்கெட்டை வைத்து, அதன் மேல்முனையை இடுப்புப் பட்டியோடு சேர்த்துப் பிடித்துவிட்டால், போனின் பாரம் துணியைக் கீழே இழுக்காது. பாக்கெட்டுக்கு உள்ளே வைக்கக் கொஞ்சம் துணிதான் செலவு. வேலைக்குப் போகிற பெண் பஸ் சில்லறையையும் சாவியையும் கையிலேயே பிடித்துக்கொண்டு போக வேண்டுமா?

துணிக்கும் நமக்குப் பஞ்சமில்லை. ஈரோட்டையொட்டி வீரப்பன்சத்திரம், சித்தோடு பக்கம் விசைத்தறிகளில் ரேயான் நெய்கிறார்கள். விழுவதற்கு ரேயான் அருமை, ஆனால் நனைத்தால் சுருங்கும். வெட்டுவதற்கு முன்பே நனைத்து உலர்த்திவிட வேண்டும். அப்படிச் செய்யாததால்தான் இரண்டு தடவை துவைத்ததும் பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடுகிறது. அலுவலகத்துக்குக் கசங்காமல் வேண்டுமென்றால் பாலியஸ்டர் கலந்த விஸ்கோஸ் (அதுவும் ரேயான் வகைதான்) நல்லது. கறுப்பு, கருநீலம், பாக்கு நிறம் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் பகலில் பருத்திச் சட்டையோடு போடலாம். அதையே சாயங்காலம், பழைய சிறுமுகை மென்பட்டுச் சேலையில் ஜரிகைக் கரை வைத்துத் தைத்த குட்டை மேல்சட்டையோடு போடலாம். அப்படித் தைத்துக் கொடுத்திருக்கிறேன், கல்யாண வீட்டில் பட்டுச்சேலைகளுக்கு நடுவே அது எடுப்பாகவே இருக்கும்.

அளவு பிசகாமல் தைக்கத் தெரிந்த கைகள் ஈரோட்டிலும் திருப்பூரிலும் நிறைய இருக்கின்றன. உற்பத்தியாளர்கள் தீபாவளிச் சரக்கை வெட்டும் முன், பாக்கெட்டும் இரண்டு அங்குல மடிப்பும் உள்ள ஒரு ரகத்தையாவது சேர்க்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரப் பெண்,
கோபிசெட்டிபாளையம்.