கோயில் கதவு மூடியிருந்த நாள்களில் கை கொடுத்தவர்களுக்கு

2021 ஜூலை

அன்பிய ஒருங்கிணைப்பாளர்களே, அருட்சகோதரிகளே, இளையோர் இயக்கத்துப் பிள்ளைகளே, அடுப்படியில் நின்ற தாய்மார்களே, வணக்கம்.

கொரோனா இரண்டாம் அலையில் தமிழகத்தில் ஏப்ரல் 26-ல் பூட்டிய வழிபாட்டுத் தலங்கள் பெரும்பாலான மாவட்டங்களில் ஜூலை 5-ல்தான் திறந்தன. பூசையை யூடியூபில் பார்த்தோம். மற்றதெல்லாம் உங்கள் கையால் நடந்தது. பீடத்திலிருந்து “அனைவருக்கும் நன்றி” என்று ஒரு வரி வாசித்தால் போதாது. யார் என்ன செய்தீர்கள், அது ஏன் பலித்தது என்று எழுதிவைத்தால் இன்னொரு அலை வந்தாலும் உதவும்.

முதல் நன்றி, பங்கின் சிறு குடும்பக் குழுக்களான அன்பியங்களின் நோட்டுகளுக்கு. தனியாய் இருக்கும் முதியவர் யார், டயாலிசிஸுக்குப் போகிறவர் யார், தனி அறையில்லாத வீடு எது என்பதெல்லாம் அதில் ஏற்கெனவே இருந்தது. காலையும் மாலையும் போன் போட்ட நீங்கள் “எப்படி இருக்கீங்க” என்று கேட்டதோடு விடவில்லை. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரின் எண்ணைக் கேட்டு, விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருக்கிறதா, விரல் சில்லிட்டிருக்கிறதா, ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பார்த்த எண்ணா என்று கேட்டீர்கள். ஆறு நிமிடம் அறைக்குள் நடக்கவைத்து மறுபடி பார்க்கச் சொன்னீர்கள். உட்கார்ந்திருக்கையில் 96 காட்டி, நடந்ததும் 94-க்குக் கீழே இறங்கியவர்களை அப்படித்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் செறிவூட்டிகளை வீடுவீடாகக் கொண்டுபோன இளைஞர்களே, கருவியைவிட உங்கள் கவனம்தான் பெரிது. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் கருவியை ஐந்துக்கு மேல் திருகினால் காற்று கூடும், ஆக்சிஜன் செறிவு குறையும். ஒரு கருவியை இருவருக்குப் பங்குபோடக் கேட்டு அழுதவர்களிடம் இதைப் பொறுமையாய் விளக்கினீர்கள். ஈரப்பதக் குப்பியின் மூடி கோணலாய் மாட்டினால் அங்கேயே கசியும். அதனால் குழாய் நுனியைத் தம்ளர் தண்ணீரில் வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே கிளம்பினீர்கள். குப்பியில் காய்ச்சி ஆறிய நீர், தினமும் புதிது. கருவி சுவரிலிருந்து ஓரடி தள்ளி. இன்னொன்று: சுரூபத்தின் முன் எரிந்த மெழுகுவர்த்தியை அணைக்கச் சொல்ல உங்களுக்குச் சங்கடமாய்த்தான் இருந்திருக்கும். ஆக்சிஜன் ஓடும் அறையில் தீ கூடாது, மாதாவும் மன்னிப்பார்.

கரன்ட் போனால் மாற்றுக்கு வைத்த சிறிய ‘பி’ சிலிண்டர் ஏறக்குறைய 1,500 லிட்டர்தான். நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் ஐந்து மணி நேரம். இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டியவர்களுக்குத் தனி நன்றி.

அடக்கக் குழுவைப் பற்றி எழுதும்போது கை நடுங்குகிறது. 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த மருத்துவரின் உடலைக் கொண்டுபோனவர்கள் மீது கல்லெறிந்ததை நாடே பார்த்தது. அந்த அச்சம் ஓராண்டு கழிந்தும் தீரவில்லை. உறவினரே பின்வாங்கிய இடத்தில் நீங்கள் கவச உடையோடு நின்றீர்கள். நான்கு பேர் கயிறு பிடிக்க, ஒருவர் மருந்து தெளிக்க, ஆறாமவர் எதையும் தொடாமல் தள்ளி நின்று கண்காணிக்க. அந்த ஆறாமவரால்தான் மற்ற ஐவர் தப்பினார்கள் என்போம். உடையைக் கழற்றும்போதுதான் தொற்று ஒட்டும் ஆபத்து அதிகம். களைப்பில் முதலில் முகக்கவசத்தை இழுத்துவிடுவோம், அதுதான் கடைசியில் வர வேண்டியது. கையுறையோடு பிடித்தால் நைலான் கயிறு வழுக்கியது. அகலமான பருத்திப் பட்டைக்கு மாறினீர்கள். தெளிக்கும் கிருமிநாசினியான ஒரு சத ஹைப்போகுளோரைட்டுக்கு, 33 சதம் குளோரின் உள்ள புது பிளீச்சிங் பவுடர் லிட்டருக்கு 30 கிராம்; தெளிந்த நீரை மட்டும் வடித்தெடுத்தீர்கள், இல்லையென்றால் தெளிப்பானின் மூக்கு அடைத்துவிடும். உடலைத் தொடாமல் வாசகம் வாசிக்கவும் தீர்த்தம் தெளிக்கவும் அரசு விதி இடம் தந்தது. அதைச் சொல்லி, ஒரு மகனையாவது கிட்டே நிற்கவைத்தீர்கள். குழி வெட்டியவர்களுக்கும், நம் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து தோள் கொடுத்த இஸ்லாமிய இளைஞர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

சமையலில் நூறு பேருக்குப் பத்துக் கிலோ அரிசி சரியாய் இருந்தது. மே வெயிலில் சாம்பார் சாதத்தைச் சுடச்சுடக் கட்டினால் மதியத்துக்குள் ஊசிப்போகிறது என்று தெரிந்ததும் எலுமிச்சை, புளி சாதத்துக்கு மாறினீர்கள்.

தடுப்பூசிதான் கடினம். தடுப்பூசி, விவிலியம் சொல்லும் தீயசக்தியின் 666 முத்திரை என்று வாட்ஸாப்பில் சுற்றியது. மறுத்தவர்களை நீங்கள் திட்டவில்லை. தடுப்பூசி போடலாம் என்று வத்திக்கான் 2020 டிசம்பரில் சொன்னதையும், திருத்தந்தை பிரான்சிஸ் ஜனவரியில் போட்டுக்கொண்டதையும் திண்ணையில் உட்கார்ந்து எடுத்துச் சொன்னீர்கள். கோவிஷீல்டு ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து, திறந்தால் நான்கு மணி நேரம்தான். அதனால் பத்துப் பத்தாய்ப் பெயர் சேர்த்து, வராதவருக்குப் பதில் ஆள் வைத்து, ஒரு சொட்டும் வீணாகாமல் பார்த்தீர்கள். மண்டபம் கொடுத்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையாருக்கும், கிராமச் செவிலியர்களுக்கும் நன்றி.

செறிவூட்டி இன்னும் வீட்டில் வைத்திருப்பவர்கள், தேவை முடிந்திருந்தால் வடிகட்டியைக் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி, குப்பியில் தண்ணீர் இல்லாமல் பங்கு அலுவலகத்தில் ஒப்படையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மூக்குக் குழாயைத் திருப்பித் தர வேண்டாம். அது ஒருவருக்கு மட்டும்தான்.

அன்புடன்,
பங்கு நிவாரணக் குழு