ஒரே வரியில் முடிந்துபோன மவ்ரோதி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ரஷ்யப் பணக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குப் போன கதையைப் படித்தேன். அப்ரமோவிச்சுக்கும் பெரெசோவ்ஸ்கிக்கும் தாராளமாக இடம் கொடுத்த கட்டுரையாளர், எம்.எம்.எம். என்ற கம்பெனி நடத்தி ஜனங்களின் பணத்தைச் சுருட்டிய செர்கேய் மவ்ரோதியை மட்டும் ‘காசை வீசிப் பதவி வாங்கிய இன்னொருவர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அந்தப் பதவியை அவருக்குத் தூக்கிக் கொடுத்ததில் பெரிய பங்கு அவரிடம் காசைப் பறிகொடுத்தவர்களுக்கு உண்டு.

நான் முப்பது வருஷம் கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதியவன். மவ்ரோதியின் எம்.எம்.எம். கம்பெனியும் 1989இல் கூட்டுறவு அமைப்பாகத்தான் ஆரம்பித்தது (என்ன செய்ய!). கம்ப்யூட்டர் இறக்குமதி செய்து விற்றார்கள். 1994 பிப்ரவரியில் ஆயிரம் ரூபிள் முகமதிப்புள்ள பங்குகளை விற்க இறங்கினார்கள். வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் செவ்வாயும் வியாழனும் கம்பெனியே சொல்லும். பங்குச் சந்தை என்று நடுவில் எதுவும் கிடையாது. ஒவ்வொரு தடவையும் விலை ஏறும். இன்று வந்தவர் கட்டிய பணம் நேற்று வந்தவர் கைக்குப் போகும், அவ்வளவுதான் கணக்கு. ஜூலை கடைசியில் அதே பங்கு லட்சம் ரூபிளைத் தாண்டிவிட்டது. மேற்கொண்டு பங்கு வெளியிட அரசு அனுமதி கிடைக்காதபோது ‘டிக்கெட்’ அச்சடித்தார்கள். பார்வைக்கு அசல் கரன்சி நோட்டு. தலைவர் படம் இருக்க வேண்டிய இடத்தில் மூக்குக் கண்ணாடியோடு மவ்ரோதி!

ஜனங்கள் ஏன் நம்பினார்கள்? 1992இல் ஒரே வருஷத்தில் விலைவாசி 25 மடங்குக்கு மேல் ஏறி, சேமிப்பு வங்கியில் போட்டு வைத்த பணம் ஒன்றுமில்லாமல் போயிருந்தது. அப்போது டி.வி. விளம்பரத்தில் லியோன்யா கொலுப்கோவ் வந்தான். மண் தோண்டும் இயந்திரம் ஓட்டுகிற சாதாரண ஆள். பங்கு வாங்குகிறான், முதலில் மனைவிக்கு பூட்ஸ் வாங்குகிறான். பிறகு, உலகக் கோப்பை பார்க்க அண்ணனோடு அமெரிக்காவுக்கே போய்விடுகிறான். பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி இருந்த அந்த முகத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

ஜூலை 29இல் விலையைத் திரும்ப ஆயிரம் ரூபிளுக்கே இறக்கினார்கள். ஆகஸ்ட் 4இல் முகமூடிப் போலீஸ் பால்கனி வழியாக வீட்டுக்குள் இறங்கி மவ்ரோதியைப் பிடித்தது. பிடித்ததோ துணை நிறுவனம் ஒன்றின் வரி பாக்கிக்காக! இதுதான் அவருக்கு வசதியாகப் போயிற்று. ‘நான் ஒழுங்காகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன், அரசாங்கம் கெடுத்துவிட்டது’ என்பது அவர் தரப்பு. பணம் போட்டவர்களும் அதை நம்பி, அவரை விடுதலை செய்யச் சொல்லித் தெருவில் நின்றார்கள்.

இனி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி. மாஸ்கோவை ஒட்டிய மித்தீஷி. அங்கே உறுப்பினராக இருந்த ஆந்திரேய் ஐஸ்தெர்தீஸும் வங்கித் தொழிலிலிருந்து வந்தவர்தான். குற்றக் கும்பல் ஆட்களின் பெயர்ப் பட்டியலைத் தன் பத்திரிகையில் வெளியிட்டவரை, அந்த ஏப்ரலில் வீட்டருகே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். காலியான இடத்துக்கு மவ்ரோதி காவலில் இருந்தபடியே மனுப் போட்டார். வேட்பாளர் ஆனதும் வெளியே விட்டார்கள். அக்டோபர் 30இல் ஜெயித்தும்விட்டார். அரசியல் சட்டத்தின் 98ஆவது பிரிவு உறுப்பினர்களுக்குக் கைதிலிருந்து கொடுக்கும் பாதுகாப்பு கைக்கு வந்தது. ஓட்டுப் போட்டவர்களில் பலருக்கு அதுதான் கணக்கு: ஆள் வெளியே இருந்தால்தானே நம் பணம் வரும்? வங்கியில் கடன் வசூலுக்குப் போன எனக்கு இந்த நியாயம் நன்றாகவே புரிகிறது. உறுப்பினர் சம்பளம், கார், சலுகை எதுவும் வேண்டாம் என்றார். டூமா (ரஷ்ய நாடாளுமன்றத்தின் கீழவை) பக்கமும் அவ்வளவாகத் தலைகாட்டவில்லை.

1995 அக்டோபரில் டூமா அவர் பதவியைப் பறித்தது. டிசம்பரில் மறுபடி நின்று தோற்றார். பிற்பாடு தலைமறைவாக இருந்தவர், 2003இல் மாஸ்கோவிலேயே சிக்கினார். 2007இல் நாலரை வருஷத் தண்டனையும் பத்தாயிரம் ரூபிள் அபராதமும் விதித்தார்கள். காவலில் இருந்த காலமே தண்டனைக்குச் சரியாகப் போனதால் அடுத்த மாதமே வெளியே வந்துவிட்டார். 2011இல் அதே பெயரில் புதுத் திட்டம் தொடங்கியபோது, இது பிரமிட்தான் (புதிதாக வருகிறவர் பணத்தைப் பழையவருக்குக் கொடுக்கும் அதே ஏற்பாடு), பணம் போகலாம் என்று அவரே முன்கூட்டிச் சொன்னார். அப்படியும் சேர்ந்தார்கள். அது இந்தியாவுக்கும் வந்தது, நைஜீரியாவுக்கும் போனது.

2018 மார்ச்சில் மாரடைப்பில் இறந்தார். அடக்கச் செலவை அவரிடம் பணம் போட்ட பழைய ஆட்களே ஏற்றுக்கொண்டதாக ரஷ்யப் பத்திரிகைகள் எழுதின.

— ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர், மன்னார்குடி