தேடியும் கிடைக்காத 'கொடி'

ஆசிரியர் அவர்களுக்கு,

செயலிகளின் தேடல் வசதியில் கண்ணுக்கே தெரியாத கோளாறு ஒன்று உண்டு. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, கணினிக்கோ இரண்டும் வேறு. அதனால்தான் பக்கத்தில் 'கொடி' இருந்தும் 'முடிவுகள் இல்லை' என்று வருகிறது. சேமிக்கும் உரை, தேடும் சொல் இரண்டையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, சரிசெய்துவிட்டதாகச் சொல்வதுதான் வழக்கமாக நடக்கிறது! 'ஔ'வுக்குப் பதில் 'ஒ', 'ள' என்று தனித்தனியே அடிப்பவர்களுக்கு இது உதவாது. அதற்குத் தனி விதி எழுத வேண்டும்.

'மரத்தில்' என்று தேடினால் 'மரம்' உள்ள பக்கமும் வர வேண்டும். உருபைக் கழற்றி, 'மரத்து' என்பதை 'மரம்' ஆக்கி அட்டவணையிட்டால்தான் அது நடக்கும். நேர்ப் பொருத்தங்கள் மேலே, மற்றவை கீழே இருக்கட்டும்.

எதுவும் கிடைக்காவிட்டால் அடித்த சொல்லை அழித்துவிடாதீர்கள். பல நேரம் குற்றவாளி, முடிவுகளைக் குறைக்க முன்பு போட்டு மறந்துபோன வடிகட்டிதான் (ஃபில்டர்). அதைப் பெயரோடு காட்டி, நீக்கும் பொத்தானையும் பக்கத்திலேயே வைக்கலாம். அடிக்கும்போதே காட்டும் பரிந்துரைகளுக்காக ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வரைத் தட்டவும் வேண்டாம். விரல் நின்று 300 மில்லி விநாடி கழித்துக் கேட்டால் போதும்.

– மென்பொருள் பொறியாளர் ஒருவர்